பளிங்கின் அதிர்வும் தடையற்ற மின்னோட்டமும்

(அட்டன் நகரில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பௌதிகவியலின் மிகச் சூட்சுமமான பிரச்சினைகளுள் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைக்கப்பெற்றபோது, அதைப் பேசுவதற்கு அட்டனைவிடப் பொருத்தமான இடம் இத்தீவில் வேறு இல்லை என்றே எனக்குத் தோன்றிற்று. இங்கிருந்து சில கல் தொலைவில் காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்கும் அப்பால், பழைய மஸ்கெலியா நகரத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, நீர் வற்றுங் காலத்தில் மட்டும் அந்நகரத்து வழிபாட்டிடங்களின் கற்களை வெளிக்காட்டும் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. இம் மலைகளின் மீது பெய்த மழையெல்லாம் கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலியா ஓயாவாகவும் திரண்டு, லக்சபானைப் பள்ளத்தாக்கில் இறங்கும் வேகத்தில் சுழலிகளைச் சுற்றி, மின்சாரமாகிக் கம்பியேறிக் கொழும்புக்குப் போகிறது.

இந்த மலைநீரின் வலிமையை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நுவரெலியா நகருக்கு ஒளி தருவதற்காக நானுஓயாவுக்கு அண்மையில் பிளாக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்த அப்பெரியார், 1918 ஆம் ஆண்டில் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில், இலங்கைக்கு வேண்டிய சக்தியை அதன் அருவிகளே அளிக்க வல்லன என்று விரிவான கட்டுரை வாசித்தார். குடியேற்ற ஆட்சியினர் அதைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தாதிருந்தும், அவர் தளராது வாதாடினார். லக்சபானையின் முதல் மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியதைக் கண்ட பின்னரே கண்மூடினார். அவ்வாறு பிறந்த மின்சாரம், தான் பிறந்த மலைகளின் தோட்டத் தொழிலாளர் லயங்களை எட்டிப்பார்க்க மேலும் பல்லாண்டுகள் பிடித்தன என்பதையும், தலைக்குமேல் உயரழுத்தக் கம்பிகள் ஓட, அவற்றின் கீழே மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இம் மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அது அரசியல் விவகாரம். அதற்குரிய பரிகாரம் பௌதிகவியலில் இல்லை. நான் எடுத்துக்கொண்ட விஷயம் அக் கம்பியின் உள்ளே நிகழ்வது.

கம்பியிற் பாயும் மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலேயே வெப்பமாகி வீணாகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கி வருவதே ஒவ்வொரு செக்கனிலும் நாம் இழக்கும் சக்தி என்பது உங்கள் பாடநூலில் உள்ளது; அவ்விழப்பைக் குறைக்கும் பொருட்டே அழுத்தத்தைப் பல்லாயிரம் வோற்றுகளாக உயர்த்தி அனுப்புகிறார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆயினும், தடை என்ற அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது என்ற வினாவைப் பாடநூல் எளிதாகக் கடந்துவிடுகிறது. ஓடிவரும் இலத்திரன்கள் வரிசையாக நிற்கும் அணுக்களின் மீது மோதுகின்றன, அதுவே தடை என்று அது சொல்லும். இவ்விளக்கம் பிழையானது. 1928 ஆம் ஆண்டில் பீலிக்ஸ் புளொக் என்ற இளைஞர், இலத்திரனை அலையாகக் கொண்டு கணித்து, ஒழுங்கு சிறிதும் பிறழாத பளிங்குச் சாலகத்தினூடே அவ்வலை எவ்வகைத் தடையுமின்றிச் செல்லும் என்று நிறுவினார். அணுக்கள் தத்தம் ஸ்தானத்தில் அசையாது நின்றால் தடை இல்லை. அந்நிய அணுக்கள் கலந்திருந்தாலும், வெப்பத்தால் அணுக்கள் ஊசலாடினாலும் தடை உண்டு. நாம் நடமாடும் உஷ்ணநிலையில், தூய செம்புக் கம்பியின் தடை முழுவதும் ஏறக்குறைய அவ்வூசலாட்டத்தாலேயே விளைகிறது.

அவ்வூசலாட்டம் அணுவுக்கு அணு தனித்தனியாக நிகழ்வதன்று. ஓரணு அசைந்தால் அயலணுவும் அசையும். ஆகவே அசைவு அலையாகப் பளிங்கெங்கும் பரவும். அவ்வலைகளின் சக்தி வேண்டிய அளவெல்லாம் கூடிக்குறையாமல், சிறுசிறு பொட்டலங்களாகவே கூடும், குறையும் என்பது குவாண்டம் விதி; அப்பொட்டலம் ஒவ்வொன்றையும் போனன் என்பர். எனவே கம்பியின் தடை என்பது இலத்திரனுக்கும் போனனுக்கும் இடையே நிகழும் இடைத்தாக்கமே ஆகும்.

இத்துறையில் நம்மவர் ஒருவரின் பங்கை நினைவுகூர வேண்டும். தமிழ்நாட்டில் வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்து, தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை பெற்று, கல்கத்தாவில் சி. வி. இராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன், அலகாபாத்திற் பேராசிரியராயிருந்தபோது ஏ. பி. பாட்டியா என்ற தம் மாணவரோடு இப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார். வெப்பத்தால் எழும் அலைகள் ஒரு திரவத்தினுட் செல்லும் ஒளியைச் சிதறடிப்பது போலவே உலோகத்தினுட் செல்லும் இலத்திரன் அலைகளையும் சிதறடிக்கும் என்று கொண்டு, அச்சிதறலின் அளவிலிருந்து உலோகங்களின் தடையைக் கணித்தறியும் வழியை இருவரும் 1940களில் எழுதிய கட்டுரைகளிற் காட்டினர். இராமனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அளவுக்கு, கிருஷ்ணனின் இப்பணி நம்மவரிடையே பேசப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருந்துவருகிறது.

இனி, தடையே இல்லாத நிலைக்கு வருவோம். ஒல்லாந்து தேசத்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஒன்னெஸ் என்பவர் 1908 இல் ஈலியத்தைத் திரவமாக்கினார். 1911 ஏப்ரிலில் அத்திரவத்தினுள் தூய இரசத்தைக் குளிரச் செய்து அதன் தடையை அளந்தபோது, 4.2 கெல்வின் அளவில், அதாவது பனிக்கட்டி உருகும் உஷ்ணநிலைக்கு ஏறத்தாழ 269 பாகை கீழே, தடை சிறிது சிறிதாகக் குறையாமல் ஒரேயடியாக மறைந்துபோயிற்று. மீகடத்தல் என்று நாம் வழங்கும் இந்நிலையில், வளையத்திற் செலுத்திய மின்னோட்டம் மின்கலமின்றியே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். 1933 இல் மைஸ்னர், ஒக்சன்பெல்ட் என்ற இருவர், இத்தகைய பொருள் தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியேற்றிவிடும் என்று கண்டதும், இது வெறும் தடையின்மை அன்று, சடப்பொருளின் புதியதொரு நிலையே என்பது தெளிவாயிற்று. ஆனால் காரணம் மட்டும் புலப்படவில்லை. ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பேர்க் முதலிய பேரறிஞர்கள் முயன்றும் நாற்பது ஆண்டுகள் அது கைகூடாமலே இருந்தது.

திறவுகோல் கிடைத்தது 1950 இல். லக்சபானையிற் சுழலிகள் சுற்றத் தொடங்கிய அதே ஆண்டில். ஒரு மூலகத்தின் சமதானிகள் இரசாயன இயல்பில் ஒன்றாயும் நிறையில் வேறாயும் இருப்பவை. இரசத்தின் சமதானிகளை வெவ்வேறு விகிதத்திற் கலந்து சராசரி அணுநிறையை 199.5 இலிருந்து 203.4 வரை மாற்றியபோது, மீகடத்தல் தொடங்கும் நிலைமாறு உஷ்ணநிலை 4.185 கெல்வினிலிருந்து 4.146 கெல்வினுக்கு இறங்கிற்று. மாற்றம் மிகச் சிறியது. அதன் உட்பொருளோ மிகப் பெரியது. இலத்திரன்களுக்கு அணுக்கருவின் நிறையைப் பற்றி யாதொரு கவலையும் இல்லை. அந்நிறை அணு எவ்வளவு விரைவாக அதிர்கிறது என்பதையே நிர்ணயிக்கும். ஆகவே நிறையை மாற்றினால் மீகடத்தல் மாறுமாயின், மீகடத்தலிற் பளிங்கின் அதிர்வுக்குப் பங்குண்டு. இப்பரிசோதனையை மக்ஸ்வெல் என்பவர் ஓரிடத்திலும், றெயினோல்ட்சும் செரினும் அவர்தம் தோழரும் வேறோரிடத்திலும் செய்து முடித்தனர். அவர்களுடைய முடிவை அறியாமலே, ஹேர்பேர்ட் புரோலிக் என்ற அறிஞர், இலத்திரனும் போனனும் கொள்ளும் இடைத்தாக்கமே மீகடத்தலின் மூலம் என்று அதே ஆண்டில் எழுதினார்.

இதில் அடங்கியுள்ள விசித்திரத்தை நிதானமாக எண்ணிப்பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகிறேன். தடையை உண்டாக்குவது எதுவோ அதுவே தடையை ஒழிக்கிறது! செம்பு, வெள்ளி, பொன் என்ற மூன்றும் மின்னைக் கடத்துவதில் முதன்மையானவை. காரணம், அவற்றின் இலத்திரன்களுக்கும் அதிர்வுகளுக்கும் உள்ள பிணைப்பு மிகவும் நலிந்தது. இவை மூன்றும் இதுவரை எட்டிய எக் குளிரிலும் மீகடத்திகள் ஆனதில்லை. ஈயத்தின் தடை செம்பின் தடையைப்போற் பன்னிரு மடங்கு. சாதாரண நாளில் அது தாழ்ந்த கடத்தி. ஆயினும் 7.2 கெல்வினில் அது மீகடத்தியாகிறது.

அது எவ்வாறு நிகழ்கிறது? மறை ஏற்றமுடைய இலத்திரன் சாலகத்தினூடே விரையும்போது, நேர் ஏற்றமுடைய அயன்களைத் தன் பக்கம் சிறிது இழுத்துச் செல்கிறது. இலத்திரன் இலேசானது, அதிவேகமானது. அயனோ பன்னூறாயிரம் மடங்கு கனத்தது, மெல்ல அசைவது. ஆகையால் அயன்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும் வேளையில் அவற்றை இழுத்த இலத்திரன் எங்கோ தொலைவிற் போய்விட்டிருக்கும். அவ்விடத்தில் நேர் ஏற்றம் சற்றே மிகுந்து நிற்கும்; பின்வரும் வேறோர் இலத்திரன் அதனால் ஆகர்ஷிக்கப்படும். விடியற்காலையில் தேயிலை மலையில் நிரைபிடித்து இறங்கும்போது, முன்னே சென்ற பெண் விலக்கிய ஈரக்கிளைகள் மீண்டும் கூடுமுன் அவள் பல முழம் கடந்து போயிருப்பாள். அவளை முகங்காணாமலே, பின்னால் வருபவள் அந்த இடைவெளி வழியே எளிதிற் சென்றுவிடுவாள். இங்கும் அப்படியே: முதல் இலத்திரன் விட்டுச்சென்ற தடம் இரண்டாவதை வழிநடத்துகிறது, இரண்டும் ஒரே காலத்தில் ஓரிடத்தில் இராமையால், ஒன்றையொன்று விலக்கும் மின்விசை வலிகுன்றி, தடத்தின் வழியாக வந்த கவர்ச்சியே மேலோங்குகிறது.

இங்ஙனம் எவ்வளவு நலிந்த கவர்ச்சியிருந்தாலும் இலத்திரன்கள் ஜோடியாகும் என்று லியோன் கூப்பர் 1956 இற் காட்டினார். அடுத்த ஆண்டில் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் மூவரும், கோடானுகோடி ஜோடிகள் ஒரே அலையாக இசைந்து செல்லும் நிலையைக் கணிதத்தில் எழுதிவிட்டனர். தனித்த இலத்திரனைச் சிதறடிக்க வல்ல அதிர்வு, ஒருங்கே செல்லும் இப்பெருங் கூட்டத்தைச் சிதறடிக்க வலியற்றதாகும்; ஆதலின் தடை இல்லை. பின்னர், 1960களில், ஈயத்தின் மீது மெல்லிய காப்புப் படலமிட்டு அதனூடே ஊடுருவும் மின்னோட்டத்தை அளந்து, ஈயத்தின் போனன் அதிர்வெண்கள் அவ்வளவீட்டிற் பதிந்திருப்பதை மக்மில்லனும் றோவெலும் வாசித்துக் காட்டியபோது, சித்தாந்தம் பிரத்தியட்ச நிரூபணம் பெற்றது. இயற்கையின் ஒரு மர்மம் இவ்வளவு முழுமையாக விளங்கிய சந்தர்ப்பங்கள் பௌதிகவியலின் வரலாற்றில் மிகச் சிலவே.

அவ்விளக்கத்தின் முழுமையே ஒரு சோர்வையும் உண்டாக்கிற்று. அம்மூவரின் சூத்திரத்தின்படி நிலைமாறு உஷ்ணநிலையை உயர்த்த இரண்டு உபாயங்கள்: அணுக்கள் இலேசாயிருந்து விரைந்து அதிர வேண்டும்; இலத்திரனுக்கும் போனனுக்கும் பிணைப்பு வலிதாயிருக்க வேண்டும். பிணைப்பை மிகக் கூட்டினாலோ சாலகம் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டுவிடும். நயோபியமும் ஜேர்மானியமும் சேர்ந்த ஒரு கலவை 1973 இல் 23.2 கெல்வினை எட்டிற்று. அதன் பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் யாரும் ஒரு பாகைகூட முன்னேறவில்லை. முப்பது கெல்வினுக்கு மேல் மீகடத்தல் இயலாது என்ற அபிப்பிராயம், நிறுவப்படாமலே வேதவாக்காயிற்று.

அதை உடைத்தவர்கள் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரை அடுத்த ஆய்வுகூடத்தில் ஆரவாரமின்றிப் பணிசெய்த பெட்னோர்ஸ், மியூலர் என்ற இருவர். இலந்தனம், பேரியம், செம்பு, ஒட்சிசன் ஆகியவை சேர்ந்த, மட்பாண்டத்தை ஒத்த கரியதொரு பொருள், முப்பது கெல்வினை அண்டிய உஷ்ணநிலையில் மீகடத்தியாகத் தொடங்குவதை 1986 ஜனவரியில் அவர்கள் கண்டனர். அவர்கள் அப்பொருளைத் தேடிய காரணத்தைப் பலர் மறந்துவிட்டனர். என் பேச்சின் நடுப்பொருளே அதுதான். சில அயன்கள் தம்மைச் சூழ்ந்த ஒட்சிசன் கூட்டை நீட்டியோ நெளித்தோ உருமாற்றித் தம் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். செப்பு அயன் அவற்றுள் முதன்மையானது. இத்தகைய அயன்கள் உள்ள பொருளில் இலத்திரனுக்கும் சாலக அசைவுக்கும் உள்ள பிணைப்பு மிக வலிதாயிருக்கும் என்று மியூலர் கருதினார். ஆகவே, உயர் உஷ்ணநிலை மீகடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டதே இலத்திரன்–போனன் இடைத்தாக்கத்தைத் தேடிப் போன பாதையில்தான்.

அதற்கடுத்து நிகழ்ந்தவை மிக விரைவானவை. இலந்தனத்தின் இடத்தில் இற்றியத்தை வைத்து, வூ, சூ என்ற இருவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 1987 தொடக்கத்தில் 93 கெல்வினை எட்டினர். 77 கெல்வினிற் கொதிக்கும் திரவ நைதரசனே இதற்குப் போதும். காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் மலிவான திரவம் அது. அவ்வாண்டு மார்ச் 18 ஆந் தேதி நியூயோர்க்கில் பௌதிகவியலார் கூடிய அவசரக் கூட்டம் பின்னிரவு மூன்று மணியைத் தாண்டியும் கலையவில்லை. 1993 இல் இரசம் கலந்த செப்பு ஒட்சைட்டு 130 கெல்வினைக் கடந்தது.

பழைய திறவுகோலைப் புதிய பூட்டில் இட்டுப் பார்ப்பதே இயல்பான அடுத்த செயல். 93 கெல்வின் மீகடத்தியிலுள்ள சாதாரண ஒட்சிசனை, அணுநிறை 18 உடைய கனத்த ஒட்சிசனாக மாற்றிப் பார்த்தார்கள். பழைய கணக்கு சரியாயின் நிலைமாறு உஷ்ணநிலை சில பாகைகளாவது இறங்க வேண்டும். 1987 இல் வெளியான அளவீடுகளில் இறக்கம் அரைப் பாகைக்கு மேற் காணப்படவில்லை. இதைக் கண்ட பலர், போனனுக்கு இங்கு வேலையில்லை என்று தீர்ப்பளித்துவிட்டனர்.

அத்தீர்ப்புக்கு வலுவூட்டும் சித்தாந்தம் ஒன்று அவ்வேளையில் பெங்களூரிலிருந்து எழுந்தது. 1987 ஜனவரியில் அங்கு நடந்த சர்வதேச மாநாட்டுக்கு வந்திருந்த பிலிப் அண்டர்சன், புதிய மீகடத்திகளைப் பற்றித் தாம் கொண்ட கருத்தை வெளியிட்டார். செப்பு ஒட்சைட்டுத் தளத்தில் ஒவ்வொரு செப்பு அணுவிலும் ஓர் இலத்திரன் நிற்கிறது. ஒன்றையொன்று கடுமையாக விலக்குவதால் அவை இடம்பெயர முடியாமல், அயலாரோடு தம் காந்தச் சுழற்சியை எதிரெதிராக வைத்து இணைந்து நிற்கின்றன. ஆகவே ஜோடிகள் முன்னமே உள்ளன. தளத்திலிருந்து சில இலத்திரன்களை அகற்றி வெற்றிடங்களை உண்டாக்கினால், அதுவரை அசையாதிருந்த ஜோடிகள் நகரத் தொடங்கும். அதுவே மீகடத்தல் என்றார் அவர். அக் கருத்தைக் கணித வடிவில் நிறுத்திய முதற் கட்டுரையை எழுதிய மூவருள் முதலாவதாகப் பெயர் நிற்பது தமிழரான கணபதி பாஸ்கரன். மற்றவர்கள் ஸோவும் அண்டர்சனும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திற் பல்லாண்டு பணியாற்றிய பாஸ்கரன், அடுத்த ஆண்டில் அண்டர்சனோடு இன்னொரு கட்டுரையும் எழுதி, இத்துறையில் இன்றும் கையாளப்படும் ஒரு கணித முறைக்கு வித்திட்டார். 1987 இன் பரபரப்பிற் பிறந்து மறைந்த கோட்பாடுகள் எண்ணிறந்தவை. இக்கோட்பாடு மட்டும் மறையவில்லை. இலத்திரன்களின் பரஸ்பர விலக்கலே இப்பொருள்களின் முதன்மைச் செய்தி என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வேறு சான்றுகளும் அப்பக்கமே சாய்ந்தன. செப்பு ஒட்சைட்டுகளின் தடை, மீகடத்தல் தொடங்கும் நிலைக்குச் சற்று மேலிருந்து பல நூறு பாகைவரை உஷ்ணநிலையோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. கிருஷ்ணனும் பாட்டியாவும் கணித்த வகையான சிதறலைக் கொண்டு மட்டும் அதை விளக்க முடியாது. சூவே, கேர்ட்லி என்ற இருவர் 1994 இற் செய்த நுட்பமான பரிசோதனை, ஜோடிகளின் அலை ஒரு திசையில் நேர்க்குறியும் அதற்குச் செங்குத்தான திசையில் எதிர்க்குறியும் உடையது என்று காட்டிற்று. ஈயத்திலும் இரசத்திலும் போனன் உண்டாக்கும் ஜோடி எத்திசையிலும் ஒரே குறியுடையது.

ஆயினும் போனனை அடியோடு விலக்கியது அவசரத் தீர்ப்பு என்பதே என் துணிபு. அதற்கு முதற் சான்று அளித்த கருவி நம்மவர் ஒருவர் தந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன், கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பெப்ரவரி 28 இற் கல்கத்தாவிற் கண்ட விளைவு யாதெனில், ஒரு பொருளினால் ஒளி சிதறும்போது அப்பொருளின் அதிர்வுக்குத் தன் சக்தியிற் சிறிது கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ, நிறம் மாறி வெளிவரும் என்பது. ஆகவே சிதறிய ஒளியின் நிறத்தைப் பகுத்துப் பார்த்தால் பளிங்கின் அதிர்வெண்களை நேரே வாசிக்கலாம். இராமனே பிற்காலத்திற் பளிங்கதிர்வுகளைப் பற்றிக் கொண்ட கொள்கை, மக்ஸ் போர்னின் கொள்கையோடு மோதி, இறுதியில் நிலைக்கவில்லை. போர்ன் சொன்ன வண்ணமே அதிர்வுகள் தொடர்ச்சியாகப் பரந்துள்ளன என்பதை நியூத்திரன் சிதறல் உறுதிசெய்தது. ஆனால் இராமன் கண்ட விளைவின் பயன் அக்கொள்கையைச் சார்ந்ததன்று. இற்றியம் கலந்த மீகடத்தியின் மீது இராமன் விளைவைப் பிரயோகித்தவர்கள், செப்பு ஒட்சைட்டுத் தளத்தின் ஒட்சிசன் அணுக்கள் சில மேலும் சில கீழுமாக அசையும் ஓர் அதிர்வை, சென்ரிமீற்றருக்கு 340 அலைகள் என்ற அளவிற் கண்டனர். பொருளைக் குளிரவைத்து மீகடத்தல் தொடங்கும் எல்லையைக் கடந்தவுடன் அவ்வதிர்வு தளர்ந்து, அதன் அலையெண் குறைந்தது! இலத்திரன்கள் ஜோடி சேர்வதை அணுக்கள் அறிந்துகொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. அவை ஒன்றோடொன்று பிணைந்திராவிட்டால், இலத்திரன்களின் நிலைமாற்றம் ஒட்சிசன் அணுவின் அசைவை எப்படித் தொடும்?

அடுத்த சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. கனத்த ஒட்சிசனால் விளையும் மாற்றம், மீகடத்தல் மிகச் சிறந்து விளங்கும் கலவையிற் சிறிதேயாயினும், வெற்றிடங்களைக் குறைத்து நிலைமாறு உஷ்ணநிலையைத் தாழ்த்திய கலவைகளிற் படிப்படியாக வளர்ந்து, பழைய சூத்திரத்தின் அளவை எட்டுவதும் கண்டறியப்பட்டது. 1987 இல் அளந்த அந்த ஒரு கலவை, விளைவு மிகக் குறைந்து நிற்கும் இடம்! நியூத்திரன் சிதறலில், செம்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு, எதிர்பாராத வகையில் தளர்ந்து காணப்பட்டது. 2001 இல் லன்சாராவும் ஷென்னும் அவர்தம் குழுவினரும், ஒளியால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சக்தியையும் திசையையும் அளந்து, பல வகையான செப்பு ஒட்சைட்டுகளில், 50 முதல் 80 மில்லி இலத்திரன் வோற்று சக்தியில், இலத்திரனின் வேகம் சட்டென்று மாறுவதைக் காட்டினர். அச்சக்தி ஒட்சிசன் அதிர்வுகளின் சக்தியோடு ஒத்திருப்பதால், அது போனனின் கைவண்ணமே என்றனர் அவர்கள். காந்தச் சுழற்சி அலைகளின் செயலாகவும் அது இருக்கலாம் என்றனர் மறுத்தோர். அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். ஜோடி சேர்க்கும் முதன்மை விசை இலத்திரன்களின் பரஸ்பர விலக்கலிலிருந்தும் சுழற்சிகளின் இணைப்பிலிருந்துமே வருகிறது என்று கொள்ளப் போதிய நியாயம் உண்டு. ஆனால் போனன் வாளாவிருக்கும் பார்வையாளர் அன்று. இராமன் முறையிற் கண்ட அந்த 340 அலை அதிர்வு, குறி மாறும் ஜோடிகளுக்கும் துணைபோகக்கூடிய வடிவமுடையது என்று கணித்திருக்கிறார்கள். பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வோ அத்தகைய ஜோடிக்கு இடையூறானது. எனவே, போனன் உண்டா இல்லையா என்று கேட்டு ஒரே சொல்லில் விடை பெற முயன்றது கேள்வியின் குறை. எந்த அதிர்வு, எத்திசையில் அசைவது, எந்த இலத்திரனோடு பிணைவது என்று வகுத்துக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கத் தொடங்கிய பின்னரே இத்துறையில் உண்மையான தெளிவு பிறந்திருக்கிறது.

இதற்கிடையே, போனனைக் கைவிட்டவர்களை வியப்பில் ஆழ்த்தும் செய்திகள் வேறு திக்குகளிலிருந்து வந்தன. பல இரசாயன ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாகப் போத்தலிற் கிடந்த மக்னீசியம் இருபோரைட்டு, 39 கெல்வினில் மீகடத்தி என்று அகிமிட்சு 2001 இல் அறிவித்தார். போரனின் இலேசான சமதானியை இட்டபோது நிலைமாறு உஷ்ணநிலை ஒரு பாகை ஏறிற்று. ஆகவே அது போனனின் செயலே. போனனால் விளையும் மீகடத்தலுக்கும் முப்பது கெல்வின் எல்லையன்று என்பது தெளிவாயிற்று. 2015 இல், ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்சும் அவருடைய குழுவினரும், ஐதரசனும் கந்தகமும் சேர்ந்த சேர்வையை இரண்டு வைர முனைகளுக்கிடையே வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய பதினைந்து இலட்சம் மடங்கு அழுத்தி, 203 கெல்வினில் மீகடத்தலைக் கண்டனர். ஐதரசனுக்குப் பதிலாக அதன் கனத்த சமதானியை இட்டபோது அவ்வுஷ்ணநிலை பெரிதும் இறங்கிற்று. மூலகங்களுள் மிக இலேசான ஐதரசன் மிக விரைந்து அதிரும், ஆகவே அது உயர்ந்த மீகடத்தியாகும் என்று 1968 இலேயே அஷ்கிரொப்ட் எழுதிவைத்தது பலித்தது. சில ஆண்டுகளில் இலந்தனமும் ஐதரசனும் சேர்ந்த சேர்வை 250 கெல்வினை எட்டிற்று. அது பூச்சியத்திற்குக் கீழே 23 பாகை; நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் காலைகளைவிட இருபது பாகை அளவே மிகுந்த குளிர். இன்று மிக உயர்ந்த உஷ்ணநிலையில் நிற்கும் மீகடத்தி, 1950 இல் இரசத்திற் கண்ட அதே பழைய விதியாலேயே இயங்குகிறது; ஆனால் அந்த அழுத்தத்தை மயிரிழை அகலமுள்ள துணுக்கின் மீதே செலுத்த முடியும் என்பதால், அதைக் கொண்டு கம்பி இழுக்க வழியில்லை.

திரவ நைதரசனின் குளிரிலேயே வேலைசெய்யும் கம்பியாக இழுக்கக்கூடியவை செப்பு ஒட்சைட்டுகளே. ஜேர்மனியின் எசன் நகரில் 2014 இல், திரவ நைதரசனாற் குளிர்விக்கப்பட்ட மீகடத்திக் கம்பி ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு நிலத்தின் கீழ் இடப்பட்டு, 10,000 வோற்று அழுத்தத்தில் நகருக்கு மின்சாரம் வழங்கிற்று. மட்பாண்டம் போல் உடையும் பொருளை நாடாவாக வார்ப்பதும், வழிநெடுகக் குளிர் குன்றாமற் காப்பதும் பெருஞ்செலவு. மாறுதிசை மின்னோட்டத்திற் சிறிது இழப்பும் உண்டு. ஆகவே லக்சபானையிலிருந்தும், 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலையிலிருந்தும் புறப்படும் மின்சாரம், அலுமினியக் கம்பிகளை வெப்பமூட்டிக்கொண்டேதான் இன்னும் நெடுங்காலம் மலையிறங்கும். சாதாரண அழுத்தத்தில், குளிர்விக்கவே வேண்டாத மீகடத்தி ஒன்றை யாரேனும் கண்டால் அந்நிலை மாறும். அதைக் காண வேண்டுமாயின், செப்பு ஒட்சைட்டில் விலக்கலும் அதிர்வும் எவ்விதம் கூடித் தொழில் செய்கின்றன என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

இப்பொருளைத் தொடர்ந்து கற்க விரும்பும் மாணவர்கள் எங்கே தொடங்குவது என்று கூட்டத்துக்கு முன் ஓர் ஆசிரியர் கேட்டார். அண்மைக்காலக் கட்டுரைகளில் தொடங்க வேண்டாம். அவை இத்துறையிற் பழகியவர்களுக்காக எழுதப்பட்டவை. 1950 ஆம் ஆண்டில் இரசத்தின் சமதானிகளைப் பற்றி மக்ஸ்வெலும், றெயினோல்ட்சு குழுவினரும் எழுதியவை மிகச் சிறிய கடிதங்கள். உயர்தர வகுப்புப் பௌதிகவியல் கற்ற ஒருவர், ஆசிரியரின் துணையோடு, அவற்றை ஒரு மாலைப்பொழுதில் வாசித்துவிடலாம். வாசித்த பின், நான் மேலே தந்த அந்த நான்கு எண்களையும் எடுத்துக்கொண்டு, நிலைமாறு உஷ்ணநிலை அணுநிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக அமைகிறதா என்று தாங்களே கணித்துப் பாருங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.